அடிபட்டவர் நீட்டிய கரம்

ஆண்டவர் கற்பித்த செபம் நாள்தோறும் நம் இல்லங்களில் ஒலிக்கிறது. மழலைப் பருவத்திலேயே மனப்பாடமாகிவிட்ட செபம் அது. அதனாலேயே, அதில் நாம் இறைவனோடு செய்துகொள்ளும் உடன்பாடு எத்துணைக் கடுமையானது என்பதை எண்ணிப் பார்க்க மறந்துவிடுகிறோம். பிறர் நமக்கு இழைத்த குற்றங்களை நாம் எந்த அளவுக்குப் பொறுக்கிறோமோ, அந்த அளவுக்கே நம்மையும் பொறுத்தருள வேண்டுமென்று நாமே மன்றாடுகிறோம். நம்மை அளப்பதற்கான மரக்காலை நம் கையாலேயே எடுத்து இறைவனிடம் கொடுக்கிறோம்.

கொடுத்துவிட்டு எழுந்தபின் நாம் வாழும் வாழ்க்கை எப்படி இருக்கிறது? பாகப் பிரிவினையில் ஏற்பட்ட கசப்பினால் பத்தாண்டுகளாகப் பேசாத உடன்பிறப்புகள் ஒரே கோவிலில் இருவேறு மூலைகளில் அமர்கிறார்கள். வரப்புத் தகராறு ஒன்று இரண்டு தலைமுறைகளைப் பிரித்து வைக்கிறது. சாவு வீட்டுக்கும் போகாத பகை நம் பங்குகளில் இல்லையென்று நாம் சொல்லிவிட முடியாது. “முதலில் அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம்” என்பதே நம்மில் பலருடைய நிலைப்பாடு. அது நியாயமானதாகவும் நமக்குத் தோன்றுகிறது.

இந்த நியாயத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட நிகழ்ச்சி ஒன்று அண்மைக்காலத் திருச்சபை வரலாற்றில் உண்டு. ஒரு நாட்டை அதன் அண்டை நாடு சாம்பலாக்கியது. சாம்பலிலிருந்து எழுந்த நாட்டின் ஆயர்கள், அடித்தவர்கள் வந்து கேட்கும்வரை காத்திராமல், தாமே முன்சென்று மன்னிப்பு அளித்தார்கள். அத்துடன் நில்லாமல், தங்களையும் மன்னிக்குமாறு அடித்தவர்களிடமே வேண்டினார்கள். 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று போலந்து நாட்டு ஆயர்கள் ஜெர்மானிய ஆயர்களுக்கு எழுதிய மடலே அந்நிகழ்ச்சி. அந்த மடலின் வரலாற்றை இங்கே சற்று நின்று சிந்திப்போம்.

காயத்தின் ஆழம்

மன்னிப்பின் பெருமையை அறிய வேண்டுமானால், முதலில் காயத்தின் ஆழத்தை அறிந்தாக வேண்டும். போலந்து நாடு 966-ஆம் ஆண்டு, அதன் ஆட்சியாளர் முதலாம் மியெஷ்கோ பெற்ற திருமுழுக்கின் வழியாகக் கிறிஸ்தவ நாடாயிற்று. ஜெர்மானியரும் போலந்து மக்களும் அன்றுமுதல் ஒரே விசுவாசத்தின் பிள்ளைகளாக, அடுத்தடுத்த வீட்டாராக வாழ்ந்தவர்கள். ஆயினும் அந்த அண்டைவீட்டு உறவு அமைதியாக இருந்ததில்லை. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் பிரஷியாவும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைத் துண்டுபோட்டுப் பங்கிட்டுக்கொண்டன. 1918 வரை 123 ஆண்டுகள் அந்நாடு உலக வரைபடத்திலேயே இல்லை.

மீண்டும் கிடைத்த விடுதலை இருபத்தொரு ஆண்டுகளே நிலைத்தது. 1939 செப்டம்பர் 1 அன்று இட்லரின் படைகள் எல்லையைத் தாண்டின. பின்வந்த ஆறு ஆண்டுகளில் போலந்துக் குடிமக்களுள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் யூதர்கள். தலைநகரான வார்சா பெரும்பகுதி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அவுஷ்விட்ஸ் என்னும் கொலைக்களம் அந்த மண்ணில்தான் அமைக்கப்பட்டது. தம் உடன்கைதி ஒருவருக்காகத் தம் உயிரை ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பே 1941 ஆகஸ்டு 14 அன்று அங்கேதான் கொல்லப்பட்டார்.

திருச்சபையின் மேய்ப்பர்களும் தப்பவில்லை. ஜெர்மனியில் இருந்த தாஹாவ் வதைமுகாமில் அடைக்கப்பட்ட குருக்கள், துறவியருள் மிகப் பெரும்பாலோர் போலந்து நாட்டவர். ஏறத்தாழ 1,780 பேராக இருந்த அவர்களுள் 868 பேர் அங்கேயே மாண்டனர். துணை ஆயர் மிக்கால் கோசால் 1943 சனவரியில் அங்கு உயிர்நீத்தார். ஆகவே, 1965-இல் அம்மடலை எழுதிய ஆயர்கள் துன்பத்தை நூல்களில் படித்து அறிந்தவர்கள் அல்லர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் புதைத்த நண்பர்கள் இருந்தார்கள். கல்லறையே இல்லாத உறவினர்கள் இருந்தார்கள்.

எல்லைக்கு அப்பாலும் கண்ணீர் இருந்தது. 1945-இல் போர் முடிந்தபோது, வென்ற வல்லரசுகள் போலந்து நாட்டையே மேற்கு நோக்கி நகர்த்தி வைத்தன. கிழக்கே பெரும் நிலப்பரப்பைச் சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக மேற்கே ஓடர், நைசே ஆறுகள் வரையிலான ஜெர்மானிய நிலம் போலந்தின் வசமாயிற்று. அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இலட்சக்கணக்கான ஜெர்மானியக் குடும்பங்கள் தப்பியோடின; அல்லது வெளியேற்றப்பட்டன. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தவர்களுள் பலர் வழியிலேயே மடிந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளில், கிழக்கே தம் வீடுகளை இழந்து வந்த போலந்துக் குடும்பங்கள் குடியேறின. பிரெஸ்லாவ் என்றிருந்த நகரம் விரோட்சுவாஃப் ஆயிற்று. இழந்தவர் வீட்டில் இழந்தவர் குடியேறிய கொடுமை அது.

இருபது ஆண்டுகள் கழிந்தும் இக்காயம் ஆறவில்லை. மேற்கு ஜெர்மனி புதிய எல்லையை ஏற்க மறுத்தது. வெளியேற்றப்பட்டவர்கள் இழந்த மண்ணை மறக்கவில்லை. போலந்தின் பொதுவுடைமை அரசோ, ஜெர்மானியர் மீண்டும் வருவர் என்ற அச்சத்தை அணையாமல் காத்து, அதனாலேயே தன் ஆட்சிக்கு வலுச் சேர்த்தது. பகை இருபுறமும் பலருக்குப் பயனுள்ளதாக இருந்தது.

மடல் பிறந்த விதம்

இந்நிலையில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறுதி அமர்வுக்காக இரு நாட்டு ஆயர்களும் உரோமையில் கூடியிருந்தார்கள். போலந்து திருமுழுக்குப் பெற்ற ஆயிரமாவது ஆண்டு 1966-இல் நிறைவுற இருந்தது. அவ்விழாவில் பங்கேற்குமாறு பல நாட்டு ஆயர் பேரவைகளுக்குப் போலந்து ஆயர்கள் அழைப்பு மடல்கள் விடுத்தார்கள். அவற்றுள் ஜெர்மானிய ஆயர்களுக்கான மடல் வெறும் அழைப்பிதழாக இருக்க இயலாது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள்.

மடலை வரைந்தவர் விரோட்சுவாஃபின் பேராயர் போலெஸ்லாவ் கொமினெக். 1903-இல் சிலேசியாவில் பிறந்தவர் அவர். அன்று அப்பகுதி ஜெர்மானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இரு மொழிகளும் இரு மக்களின் மனமும் அவருக்குத் தெரியும். அவர் ஆயராக இருந்த நகரமோ இரு நாடுகளின் வழக்கும் ஒன்றையொன்று முட்டிக்கொண்ட நகரம். மடலை அவர் ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். யாரோடு ஒப்புரவாக விரும்புகிறோமோ அவருடைய மொழியில் பேசுவதே முதல் மரியாதை அல்லவா? அக்காலத்தில் கிராக்கோவின் பேராயராக இருந்த கரோல் வொய்த்திவாவும் இம்முயற்சியில் துணைநின்றார். பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாக உலகறிந்தவர் அவர்.

நாட்டுத் திருச்சபைக்குத் தலைவராக இருந்த கர்தினால் ஸ்டெஃபான் விஷின்ஸ்கி மன்னிப்பின் விலையைத் தம் உடலில் உணர்ந்தவர். பொதுவுடைமை அரசு அவரை 1953 செப்டம்பர் முதல் 1956 அக்டோபர் வரை காவலில் வைத்திருந்தது. அவரைச் சிறைப்படுத்திய ஆட்சியின் தலைவராகிய பியெரூட் 1956 மார்ச்சில் இறந்தபோது கர்தினால் இன்னும் விடுவிக்கப்படவில்லை. அச்செய்தி அறிந்ததும் அவர் மகிழவில்லை. இறந்தவருடைய ஆன்மாவுக்காகச் செபித்தார். தம் சிறைக் கதவைப் பூட்டியவருக்காகச் செபிக்கத் தெரிந்தவரே, தம் நாட்டைப் பாழாக்கியவர்களுக்குக் கரம் நீட்டும் துணிவைப் பெற்றார்.

மடலில் இருந்தது என்ன?

அம்மடல் குறுகிய ஒரு சமாதானக் குறிப்பன்று. ஆயிரம் ஆண்டு வரலாற்றை விரித்துரைத்த நீண்ட மடல் அது. காயங்களை அது மறைக்கவில்லை. இடைக்கால டியூட்டன் வீரர் சபையின் கொடுமைகள், போலந்து துண்டாடப்பட்ட அவலம், இட்லர் காலத்துச் சிறைமுகாம்கள், எரிந்துகொண்டேயிருந்த சூளைகள், கொல்லப்பட்ட குருக்கள், ஆயர்கள் என எல்லாவற்றையும் அது சொன்னது. புதிய எல்லை போலந்துக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி என்பதையும் ஒளிக்கவில்லை.

அதே மடல் மறுபக்கத்தின் நன்மைகளையும் நன்றியோடு எண்ணிப் பார்த்தது. ஜெர்மானிய மண்ணில் பிறந்து, சிலேசியாவின் கோமகளாக வந்து, ஏழைகளின் தாயாக வாழ்ந்து 1243-இல் இறந்த புனித எட்விஜை இரு மக்களுக்கும் இடையே அமைந்த பாலமாகப் போற்றியது. கிராக்கோவின் மரியன்னை ஆலயத்தில் உலகம் வியக்கும் பீடத்தைச் செதுக்கிய சிற்பி வைட் ஸ்டோஸ் ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்பதையும் நினைவூட்டியது. இட்லரை எதிர்த்து உயிர்விட்ட ஜெர்மானியர்களுக்கு மதிப்பளித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீடிழந்து வெளியேற்றப்பட்ட ஜெர்மானியரின் துன்பத்தைத் துன்பம் என்றே ஒப்புக்கொண்டது. அன்றைய போலந்தில் வெளிப்படையாகப் பேச எவரும் துணியாத செய்தி அது.

இவ்வளவையும் சொன்ன பிறகே, மறக்க முயல்வோம் என்று அம்மடல் அழைத்தது. பேச வேண்டியதைப் பேசாமல் மறப்பது வேறு. பேசி முடித்தபின் மறக்க முயல்வது வேறு. முன்னது புண்ணைத் துணியால் மூடுவது. பின்னது புண்ணைக் கழுவி மருந்திடுவது. இறுதியில், முடிவுறும் சங்கத்தின் இருக்கைகளிலிருந்து தங்கள் கரங்களை நீட்டி, மன்னிப்பு அளிப்பதாகவும் மன்னிப்பு வேண்டுவதாகவும் ஆயர்கள் எழுதினார்கள்.

மன்னிப்பு அளிப்பதற்கே பெருமனம் வேண்டும். ஆயினும் அளிப்பவர் சற்று உயரமான இடத்தில் நிற்கிறார். நான் நல்லவன், நீ தீயவன் என்னும் நினைவு அந்த அளிப்பினுள் ஒளிந்துகொள்ள இடமுண்டு. தீங்கு செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்யச் சொன்ன நம் வள்ளுவரின் அறநெறி உலகத்தின் உயர்ந்த அறங்களுள் ஒன்று. போலந்து ஆயர்கள் அதற்கு மேலும் ஒரு படி சென்று, நாண வேண்டியவரின் அருகில் தாமும் தலைகுனிந்து நின்றார்கள். நம் கையும் முழுத் தூய்மையானதன்று. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ஒரு ஜெர்மானியத் தாயின் கண்ணீருக்கு நம்மவரும் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவர் இவ்வாறு கூறும்போது, குற்றங்கள் இரண்டும் சமமாகிவிடுவதில்லை. ஒன்று மலை, மற்றொன்று குன்று என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும் பிறருடைய மலையைச் சுட்டிக்காட்டித் தம் குன்றை மறைக்க அவர்கள் விரும்பவில்லை.

கசந்த மறுமொழி

அன்பு நீட்டிய கரம் உடனே பற்றப்படும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். வரலாறு நம்மை ஏமாற்றுகிறது. ஜெர்மானிய ஆயர்கள் 1965 டிசம்பர் 5 அன்று மறுமொழி எழுதினார்கள். நன்றி கூறினார்கள், தாங்களும் மன்னிப்புக் கேட்டார்கள், நீட்டிய கரத்தை மதிப்போடு ஏற்றார்கள். ஆனால் போலந்து மக்களின் உயிர்நாடியாகிய எல்லைக் கேள்வியில் தெளிவாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் மறைமாவட்டங்களில் வாழ்ந்த வெளியேற்றப்பட்ட மக்களின் மனம் புண்படக் கூடாதே என்ற எண்ணம் அவர்களைத் தடுத்தது. போலந்து ஆயர்களுக்கு அது பெரும் ஏமாற்றமாக இருந்தது.

சொந்த நாட்டில் நிகழ்ந்தது அதைவிடக் கசப்பானது. கொமுல்காவின் தலைமையிலிருந்த அரசு இம்மடலைத் தேசத்துரோகம் என்று தூற்றியது. மக்களின் பெயரால் மன்னிக்க இவர்களுக்கு அதிகாரம் அளித்தது யார் என்று நாளேடுகள் முழங்கின. மறக்கவும் மாட்டோம், மன்னிக்கவும் மாட்டோம் என்னும் முழக்கம் நாடெங்கும் எழுப்பப்பட்டது. மடலை முழுமையாகப் படிக்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டுமுன் அதைப்பற்றிய பழி அவர்களை எட்டிவிட்டது. விசுவாசிகளிலும் பலர் மனம் கலங்கினார்கள். கணவரை அவுஷ்விட்ஸில் இழந்த ஒரு பெண், நாம் ஏன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வினவியிருந்தால், அவரை நாம் கடிந்துகொள்ள முடியுமா?

கரோல் வொய்த்திவாவுக்கு வந்த கண்டனம் அவருடைய நெஞ்சைத் தொடும் இடத்திலிருந்தே வந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கிராக்கோவின் சோல்வே தொழிற்சாலையில் அவர் கூலித் தொழிலாளியாக உழைத்தவர். அதே தொழிற்சாலையின் தொழிலாளர் பெயரால் அவரைக் கண்டிக்கும் வெளிப்படைக் கடிதம் ஒன்று 1965 டிசம்பரில் நாளேட்டில் வெளியாயிற்று. அவர் சினந்து எழுதவில்லை. ஒன்றாக உழைத்த அந்த நாள்களை நினைவுகூர்ந்தார். மனிதனையும் அவனுடைய மனச்சான்றையும் மதிக்கும் பண்பைப் பெரிதும் தாம் கற்றுக்கொண்டது சோல்வே தொழிலாளர்களிடமிருந்தே என்ற பொருள்படப் பதில் அளித்தார். மன்னிப்பைப் பற்றி மடல் எழுதியவர், அம்மடலுக்காகப் பட்ட வசையையும் மன்னிப்போடே ஏற்க வேண்டியிருந்தது.

அரசு அத்துடன் விடவில்லை. 1966 சனவரியில் கர்தினால் விஷின்ஸ்கி உரோமை செல்வதற்கான கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. ஆயிரமாம் ஆண்டு விழாவுக்கு வர விரும்பிய திருத்தந்தை ஆறாம் பவுலுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. 1966 மே 3 அன்று யாஸ்னா கோரா அன்னையின் திருத்தலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் கூடிய பெருவிழாவில், திருத்தந்தைக்கென இடப்பட்ட இருக்கை வெறுமையாகவே இருந்தது. அதன்மீது அவருடைய படமும் மலர்களும் மட்டும் வைக்கப்பட்டிருந்தன. மன்னிப்பின் விலை அந்த வெற்றிருக்கையில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

யார் மன்னிக்க முடியும்?

அன்று எழுந்த ஒரு கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. கொல்லப்பட்டவருக்காக வேறொருவர் மன்னிக்க இயலுமா? இயலாது என்பதே உண்மை. அவுஷ்விட்ஸில் மாண்ட யூதர்களின் சார்பில் மன்னிப்பு வழங்க எந்த ஆயருக்கும் உரிமையில்லை. மாண்டவர்களின் வழக்கு இறைவனின் மன்றத்தில் உள்ளது. ஆனால் உயிரோடிருப்பவர்கள் ஒன்றைச் செய்யலாம். தங்கள் நெஞ்சில் இருக்கும் வெறுப்பைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்காமல் இருக்கலாம். போலந்து ஆயர்கள் செய்தது அதுவே என்று நாம் கருதுகிறோம். நீதியை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, எல்லையை விட்டுக்கொடுக்கவில்லை, உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. வெறுப்பை மட்டுமே விட்டுக்கொடுத்தார்கள்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி இயேசு பிரான் மலைப்பொழிவில் கூறிய அறிவுரையை நாம் அறிவோம். அதில் நாம் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. நமக்குச் சகோதரன்மீது மனத்தாங்கல் இருந்தால் போ என்று அவர் கூறவில்லை. சகோதரனுக்கு நம்மீது மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் போ என்கிறார். குற்றம் யாருடையது, எவ்வளவு என்னும் கணக்கை அவர் கேட்கவில்லை. ஆயிரமாம் ஆண்டுக் காணிக்கையைப் பீடத்தில் வைக்கச் சென்ற போலந்துத் திருச்சபைக்கு, ஆற்றுக்கு அப்பால் மனத்தாங்கலோடு இருக்கும் சகோதரர் நினைவுக்கு வந்தனர். அது காணிக்கையை வைத்துவிட்டுப் புறப்பட்டது.

விதை முளைத்தது

விதைத்தவர்கள் அறுவடையை உடனே காணவில்லை. ஆயினும் விதை மண்ணுக்குள் உறங்கிவிடவில்லை. இதில் பொதுநிலையினரின் பங்கு பெரிது என்பதை நாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். மடலுக்கு முன்பே, 1964-இல், கிறிஸ்துவின் அமைதி எனப் பொருள்படும் பக்ஸ் கிறிஸ்தி இயக்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியக் கத்தோலிக்கர்கள் அவுஷ்விட்ஸுக்குத் தவப்பயணம் மேற்கொண்டு, முகாம்களில் உயிர்தப்பியவர்களுக்கு உதவத் தொடங்கினார்கள். அந்த உதவியே 1973-இல் புனித கோல்பேயின் பெயர் தாங்கிய அறப்பணி நிறுவனமாக வளர்ந்தது. ஜெர்மானியப் புரொட்டஸ்டண்டு சபையினர் 1965 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, எல்லைக் கேள்வியை மறுசிந்தனை செய்யத் தம் மக்களை அழைத்தது. 1968-இல் ஜெர்மானியக் கத்தோலிக்க அறிஞர் குழு ஒன்று போலந்தின் எல்லையை ஏற்க வேண்டுமென வெளிப்படையாக எழுதியது. தங்கள் ஆயர்கள் சொல்லத் தயங்கியதை அவர்கள் சொன்னார்கள்.

1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் வார்சா வந்து, எல்லையை மதிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அன்று அவர் யூதர்களின் எழுச்சி நினைவுச்சின்னத்தின் முன் மலர்வளையம் வைத்தார். வைத்தவர் எவரும் எதிர்பாராத வண்ணம் ஈரக் கற்களின்மேல் முழந்தாளிட்டார். இட்லரை எதிர்த்து இளமையிலேயே நாட்டைவிட்டு வெளியேறியவர் அவர். முழந்தாளிட வேண்டிய குற்றம் அவருடையதன்று. ஆயினும் தம் மக்களுக்காக அவர் முழந்தாளிட்டார். 1972 சூனில் ஆறாம் பவுல் அப்பகுதிகளில் நிலையான போலந்து மறைமாவட்டங்களை அமைத்தார். கொமினெக் 1973-இல் கர்தினால் ஆனார். அடுத்த ஆண்டே இறைவனடி சேர்ந்தார். 1978 செப்டம்பரில் விஷின்ஸ்கியும் வொய்த்திவாவும் ஜெர்மனி சென்று அந்நாட்டு ஆயர்களைச் சந்தித்தனர். அடுத்த மாதமே வொய்த்திவா திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1989 நவம்பர் 12 அன்று நிகழ்ந்தது நம் நெஞ்சைவிட்டு நீங்காதது. பெர்லின் சுவர் திறந்து மூன்றே நாள்கள் ஆகியிருந்தன. சிலேசியாவில் க்ஷிசோவா என்னும் சிற்றூரில், ஆயர் அல்ஃபோன்ஸ் நோசோல் ஒப்புரவுத் திருப்பலி நிறைவேற்றினார். அவ்வூர் ஒரு காலத்தில் மோல்ட்கே என்னும் ஜெர்மானியக் குடும்பத்தின் பண்ணையாக இருந்தது. இட்லரை எதிர்த்துச் சிந்தித்த குழுவை அங்கே கூட்டியதற்காக அக்குடும்பத்தின் ஹெல்முட் மோல்ட்கே 1945 சனவரியில் தூக்கிலிடப்பட்டார். அத்திருப்பலியில் ஜெர்மானியத் தலைமை அமைச்சர் ஹெல்முட் கோலும், போலந்துப் பிரதமர் ததேயுஷ் மசோவியெத்ஸ்கியும் பங்கேற்றனர். மசோவியெத்ஸ்கி பல்லாண்டுகள் கத்தோலிக்கத் திங்களிதழ் ஒன்றின் ஆசிரியராகப் பணியாற்றிய பொதுநிலையினர். அவ்விதழின் பெயருக்குப் பிணைப்பு என்று பொருள். சமாதானம் பகிர்ந்துகொள்ளும் நேரம் வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர்.

அடுத்த ஆண்டு, 1990 நவம்பர் 14 அன்று, எல்லை ஒப்பந்தம் இறுதியாகக் கையெழுத்தாயிற்று. 1991 சூனில் நல்ல அண்டைநாட்டு உறவுக்கான உடன்படிக்கை பிறந்தது. க்ஷிசோவா இரு நாட்டு இளைஞர்களும் வந்து கூடும் இல்லமாயிற்று. இவையெல்லாம் ஒரு மடலால் மட்டுமே விளைந்தன என்று சொன்னால் அது மிகை. அரசியல் மாற்றங்களும் பலருடைய உழைப்பும் அதில் உண்டு. போர் இழப்பீடு பற்றிய வாதங்கள் இன்றும் அவ்வப்போது எழுகின்றன. ஆயினும் முதற்சொல்லை யாராவது சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னவர்கள் அடிபட்டவர்கள். விரோட்சுவாஃபில் ஆற்றின் நடுவேயுள்ள தீவில் 2005-இல் கொமினெக்குக்குச் சிலை எழுப்பப்பட்டது. துரோகி என்று தூற்றப்பட்டவருக்கு அதே நாடு மரியாதை செய்தது. நாற்பது ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன.

நாம் எங்கே நிற்கிறோம்?

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடம் பெரிய நாடுகளுக்கு உரியது மட்டுமன்று. காயத்தைச் சொல்லாமல் மன்னிக்க இயலாது. மெய்யைப் பேசாத சமாதானம் நெடுநாள் நிலைக்காது. மன்னிப்பவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியவரே. எவ்வளவு பெரிய அநீதிக்கு ஆளானவரும் தம் சொல்லால், தம் மௌனத்தால் யாரையாவது புண்படுத்தியிருக்கக்கூடும். நாம் நீட்டும் கரத்தை மற்றவர் உடனே பற்றாமற் போகலாம். நம்முடையவர்களே நம்மைப் பழிக்கலாம். அதற்காக நீட்டிய கரத்தை மடக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கொடுமை செய்கிறவரின் கைக்குள் மீண்டும் போய் நிற்பது மன்னிப்பாகாது. எல்லையை உறுதியாகச் சொல்லிக்கொண்டே போலந்து ஆயர்கள் கரம் நீட்டினார்கள். அநீதியை எதிர்த்து நியாயம் கேட்கும் ஒருவர் மன்னிக்காதவர் என்று நாம் தீர்ப்பிடக் கூடாது. நியாயம் கேட்டுக்கொண்டே வெறுப்பைக் கைவிட முடியும். அதுவே கடினமான வழி. அதுவே நற்செய்தியின் வழி.

ஞாயிறு தோறும் திருப்பலியில் ஒரு நேரம் வருகிறது. ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லி முடித்த சிறிது நேரத்தில், ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்ந்துகொள்ள நாம் அழைக்கப்படுகிறோம். அருகில் இருப்பவர்களை நோக்கிக் கைகுவிக்கிறோம். பெரும்பாலும் அவர்கள் நமக்குப் பிடித்தவர்களே. க்ஷிசோவாவில் இரு நாட்டுத் தலைவர்கள் தழுவிக்கொண்டதும் இதே நேரத்தில்தான். வரும் ஞாயிறன்று அந்நேரம் வரும்போது, கோவிலின் எதிர்மூலையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று சற்றுத் திரும்பிப் பார்ப்போம். அவர் நமக்கு என்ன செய்தார் என்பது நமக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. நாம் அவருக்கு என்ன செய்தோம் என்பதையும் நினைத்துப் பார்ப்போம். திருப்பலி முடிந்ததும் அவர் கோவில் வாசலைக் கடக்கும் வரை காத்திருந்து, முதற்சொல்லை நாமே சொல்வோம்.